ஒரு மாத்திரை, இரண்டு விடை

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
6 பிப்ரவரி 1961

அன்புள்ள ரஷீதா,

லண்டன் குளிரைப் பற்றி நீ எழுதிய நாலு பக்கத்தையும் படித்தேன். இரக்கம் வரவில்லை. இங்கே வேர்த்துக் கொட்டுகிறது, நான் உன்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறேன். காரணம் கேள்.

மெஷின் வந்துவிட்டது. கல்லூரியில் நாம் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தோமே, அதே மாதிரி புற ஊதா ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். எங்கள் ஆய்வகத்துக்கே சொந்தமாக ஒன்று. அந்த அறைச் சாவியை எங்கள் தலைமை அதிகாரி மிஸ்டர் லிம் என்னிடம் கொடுத்திருக்கிறார். ஆண்கள் ஏழு பேர் இருக்கும் ஆய்வகத்தில் அவர் என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் வைத்தபோது, அதை எந்தப் பையில் போடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். இப்போது காசநோய்க்கு இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்துக் கொடுக்கிறார்கள் அல்லவா, பாஸும் ஐசோநயாசிட்டும். பிரித்தெடுக்காமலே இரண்டும் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு எந்த முறை நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரிந்த தொல்லைதான். இரண்டு மருந்தும் ஒளியை ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுங்குகின்றன. வரைபடம் போட்டால் பாஸ் ஒரு மலை. அதன் சரிவிலேயே ஐசோநயாசிட் ஒரு சின்ன மேடாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையை அளப்பதில் சிறு பிழை வந்தாலும் மேடு இரண்டு மடங்காகத் தெரியும், அல்லது காணாமலே போகும்.

முதலில் உன் வழியில் போனேன். 265 அலைநீளத்தில் ஒரு அளவு, 299-ல் ஒரு அளவு. இரண்டு சமன்பாடு, தெரியாத எண் இரண்டு. கணக்குப் போட்டால் விடை. நீதானே எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாய்.

பிறகு என் வழியில் போனேன். ஒரே கரைசலை இரண்டு பாதியாக்கினேன். ஒன்றை அப்படியே வைத்தேன், மற்றதில் காரம் சேர்த்தேன். காரம் பட்டால் ஐசோநயாசிட் தன் இடத்தை மாற்றிக்கொள்ளும். பாஸ் அசையாது. இரண்டு பாதியையும் எதிரெதிரே வைத்து அளந்தால் பாஸ் தன்னைத் தானே கழித்துக்கொள்கிறது. மலை போய்விடும், மேடு மட்டும் நிற்கும். எவ்வளவு அழகு பார்.

அழகு அதோடு சரி. உன் வழியில், லேபிளில் போட்டிருப்பதைப்போல ஒன்றரை மடங்கு ஐசோநயாசிட் இருக்கிறது. என் வழியில் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஒரே மாத்திரை ரஷீதா, ஒரே தூள், ஒரே கரைசல். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பது ஒன்று. இந்த ஊர் வெக்கையில் மருந்து குறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மருந்து வளருமா?

உடனே எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சந்திரமதி


லண்டன்
14 பிப்ரவரி 1961

அன்புள்ள சந்திராவுக்கு,

முதலில் வாழ்த்து. சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள். இரண்டாவதாக, உன் வழியைத் தூக்கிக் கடலில் போடு.

கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன். இரண்டு அளவு எடுத்தால் இரண்டு பிழை. நீயோ கரைசலைப் பிரிக்கிறாய், காரம் சேர்க்கிறாய், கரைசல் ஊற்றும் இரண்டு குவார்ட்ஸ் செல்லை எதிரெதிரே வைக்கிறாய். எத்தனை இடத்தில் கை படுகிறது என்று எண்ணிப் பார். சிங்கப்பூர்க் காற்றில் திறந்து வைத்த காரம் காரமாகவா இருக்கும்? அந்த இரண்டு செல்லும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று யார் சொன்னது? வெறும் தண்ணீரை ஊற்றி இரண்டையும் ஒப்பிட்டாயா? ஒப்பிட்டிருக்க மாட்டாய். நீ எப்போதும் அவசரக்காரி.

சமன்பாடு பொய் சொல்லாது. ஆனால் ஒன்றரை மடங்கு என்பது எனக்கும் உறுத்துகிறது. உன் மெஷினில் அலைநீளச் சக்கரம் சற்றே நகர்ந்திருந்தால், மலையின் சரிவில் நிற்கும் அளவு அப்படியே ஏறிவிடும். அதைச் சரிபார்.

இங்கே இருக்கும் மெஷினை நீ பார்க்க வேண்டும். பேனா தானே நகர்ந்து தானே வரைகிறது. நீ ஒவ்வொரு புள்ளியாகச் சக்கரத்தைத் திருகி, எழுதி, கிராஃப் தாளில் குத்திக்கொண்டிருப்பதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒன்று செய். அந்த மாத்திரையில் கொஞ்சம் எனக்கு அனுப்பு. எங்கள் பேராசிரியர் தாராள மனசுக்காரர். நானும் இரண்டு வழியிலும் அளக்கிறேன். நீ தோற்றால், நான் ஊர் திரும்பியதும் தேக்கா மார்க்கெட்டில் எனக்குப் பிரியாணி. நான் தோற்கப் போவதில்லை, அதனால் என் பந்தயத்தை எழுதவில்லை.

இன்னும் இரண்டொரு நாளில் நோன்பு தொடங்குகிறது. இந்த ஊரில் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடுவதால் எனக்குக் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் கடிதங்களில்தான். வயசுப் பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பினாயே, கூப்பிட்டுக்கொள் என்று வாப்பாவின் அண்ணன் பெரியத்தா வீட்டில் அவரை விடாமல் அரிக்கிறார்களாம். வாப்பா பதிலே சொல்வதில்லையாம். கடையும் கிடங்கும் ஒழுங்காக நடக்கிற வரை அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று உம்மா எழுதியிருக்கிறார்.

மாத்திரை எந்தக் கம்பெனி? அதை எழுதவே இல்லையே.

ரஷீதா


சிங்கப்பூர்
24 பிப்ரவரி 1961

கணக்குப்புலி ரஷீதாவுக்கு,

செல்களில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒப்பிட்டேன். அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். அலைநீளச் சக்கரத்தைப் பாதரச விளக்கு வைத்துச் சரிபார்த்தேன், மயிரிழைகூட நகரவில்லை. காரத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் புதிதாகக் கலக்கினேன். விளக்கு துடிக்கிறதோ என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வேர்வை கிராஃப் தாளில் சொட்டியதுதான் மிச்சம்.

விடை மாறவில்லை. உனக்கு ஒன்றரை, எனக்கு ஒன்றேகால் பக்கம். எத்தனை தடவை செய்தாலும் அதே இடம். கைப்பிழை என்றால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது பிடிவாதமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பயத்தில் இல்லை. நான் எதையோ தொட்டுக்கொண்டே இருக்கிறேன், கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றுகிறது.

மிஸ்டர் லிம்மிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் பார்த்தார். இரண்டில் ஒரு வழி தப்பு, எது என்று ஏப்ரல் முடிவதற்குள் எழுத்தில் கொடு என்றார். நான் வாய் திறக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். ஒருவேளை இரண்டுமே தப்பாக இருக்கலாம், அதையும் யோசி என்றார்.

மாத்திரைகளை ஒரு சின்னக் குப்பியில் பஞ்சு வைத்து அடைத்து விமானத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மேலே மஞ்சள் பூச்சு இருக்கும். அதைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிடு. கழுவின பிறகும் உள்ளே தூள் லேசான பழுப்பாக, தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். பூச்சு ஊறி இறங்கியது என்று நினைக்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தாய். அது இருக்கட்டும். பெயர் தெரியாமல் அளப்பதுதான் நேர்மையான பந்தயம்.

சந்திரமதி


லண்டன்
10 மார்ச் 1961

சந்திரமதிக்கு,

குப்பி வந்தது. மூடியைத் திறந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினேன். உடனே தெரிந்துவிட்டது.

அந்த மஞ்சளும், நடுவில் ஓடும் கோடும் எனக்குத் தெரியாதா? இங்கிலாந்திலிருந்து பெரிய தகர டின்களில் வரும். கிடங்கில் அதைப் பிரித்து, சின்ன அட்டைப் பெட்டிகளில் போட்டு, பக்கத்தில் கடைப் பெயர் அச்சடித்த லேபிள் ஒட்டுவார்கள். கப்பல் ஏறுவதற்கு முந்தின மாதம்வரை நானே உட்கார்ந்து அந்த லேபிளை ஒட்டியிருக்கிறேன். இந்த மாத்திரையைச் சிங்கப்பூருக்குத் தருவிக்கிறவர் ஒருவர்தான். சாகுல் ஹமீது. என் வாப்பா.

பெட்டியிலிருந்து எடுத்துக் குப்பியில் போட்டவள் நீ. அந்தப் பெயரை நீ பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அரசாங்க ஆய்வகத்தில் வாப்பாவின் சரக்கு உன் மேசை மேல் இருக்கிறது. அதில் ஏதோ கோளாறு என்று நீ சந்தேகப்படுகிறாய். அதை நிரூபிக்க, வாப்பாவின் மகள் கையையே பிடித்துக்கொள்கிறாய். பெயர் தெரியாமல் அளப்பது நேர்மை என்று வேறு எழுதுகிறாய். நானும் பிரியாணிப் பந்தயம் போட்டுக்கொண்டு இளித்திருக்கிறேன்.

நேராக எழுதியிருக்கலாமே. 'ரஷீதா, இது உன் வீட்டுச் சரக்கு, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்று ஒரு வரி. நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தாய்? வாப்பாவுக்குத் தந்தி அடித்து மறைக்கச் சொல்வேன் என்றா? இவ்வளவு வருஷம் பழகி, நீ என்னைப் பற்றி நினைத்திருப்பது அதுதானா?

குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். அளக்கவில்லை.

ரஷீதா


சிங்கப்பூர்
18 மார்ச் 1961

ரஷீதா,

இன்று பெருநாள். சுல்தான் பள்ளிவாசல் பக்கமாகத்தான் பஸ் வந்தது. தொழுதுவிட்டு வெள்ளை உடுப்பில் வருகிறவர்களைப் பார்த்ததும் இறங்கி நடந்தேன். போன வருஷம் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். இந்த வருஷம் அந்தத் தெரு வழியாகப் போகக் கால் வரவில்லை.

நீ எழுதியது அத்தனையும் சரி. பெட்டியைப் பார்த்தேன், பெயரைப் படித்தேன். ஆனால் நான் மறைத்தது அதை மட்டும் இல்லை.

அந்த மாத்திரையை எந்த டாக்டரும் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. அது என் அக்கா சாப்பிடுகிற மாத்திரை.

பூவம்மா அக்காவுக்குக் காசநோய். போன ஆகஸ்டிலிருந்து. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அக்கா தைக்கிற பபலோ ரோடு தையல்கடையில் தெரிந்தால் மறுநாளே மெஷினை விட்டு எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் தனித் தட்டு, தனிக் குவளை வைத்து, யார் வந்தாலும் அதை ஒளித்து வைத்து வாழ்கிறோம். உனக்குக்கூட எழுதவில்லை. எழுதினால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது.

முதல் மூன்று மாதம் அக்கா நன்றாகத் தேறி வந்தாள். பிறகு மாத்திரை போட்ட சற்று நேரத்திலேயே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். டாக்டர் நம்பவில்லை. இந்த மருந்து கொஞ்சம் குமட்டத்தான் செய்யும், அதைச் சாக்காக வைத்து நீ துப்பிவிடுகிறாய் என்று நர்ஸ் முன்னால் வைத்துத் திட்டினார். வீட்டுக்கு வந்து அக்கா அழவில்லை. தைத்துக்கொண்டே சொன்னாள்.

"வேணும்னே துப்புறேன்னு நெனைக்கிறாங்க சந்திரா. வயித்துல நிக்க மாட்டேங்குது லா. நான் சாவணும்னா ஆசைப்படுறேன்?"

அன்றுதான் பெட்டியோடு மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் மிஸ்டர் லிம் மேசையில் வைத்தேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. முறைகளை ஒப்பிடுவதற்கு மாதிரி வேண்டும்தானே, இதையே வைத்துக்கொள் என்றார். வேலை இப்படித்தான் தொடங்கியது. மெஷின் வந்த சந்தோஷமும் உண்மை, அதற்கு அடியில் இருந்த பயமும் உண்மை. சந்தோஷத்தை மட்டும் உனக்கு அனுப்பினேன்.

உன் வாப்பா பெயரை ஏன் மறைத்தேன் என்றால், எழுதினால் நீ அளக்க மாட்டாய் என்று பயந்தேன். நீ மறைத்துவிடுவாய் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. மனசு கலங்கினால் கை கலங்கும். எனக்கு உன் கை வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்ததில் அதைவிட நிதானமான கை வேறு இல்லை.

நிறுத்து என்று அக்காவிடம் சொல்லவும் பயம். நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகும். சாப்பிடு என்று சொல்லவும் பயம். மாத்திரையில் எல்லாம் சரியாக, கூடுதலாகவே இருக்கிறது என்கிறது உன் கணக்கு. அதை டாக்டரிடம் காட்டினால் அக்கா பொய்க்காரி என்று முடிவாகிவிடும்.

நீ அளக்காவிட்டாலும் பரவாயில்லை. கோபமாகவாவது பதில் எழுது.

சந்திரமதி


லண்டன்
15 ஏப்ரல் 1961

சந்திரா, சந்திரா,

உட்கார்ந்து படி. பஸ்ஸில் பிரித்திருந்தால் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படி.

உன் கடிதம் வந்த அன்றே அலமாரியைத் திறந்தேன். அக்காவைப் பற்றி இப்போது எழுதினால் அழுதுகொண்டே எழுத வேண்டியிருக்கும், அதனால் வேலையை முதலில் சொல்கிறேன்.

உன் மாத்திரையை இரண்டு வழியிலும் அளந்தேன். எனக்கும் அதே ஒன்றரை, அதே ஒன்றேகால் பக்கம். தானே வரைகிற மெஷினும் உன் கிராஃப் தாளும் ஒரே பதிலைச் சொன்னபோது, பேராசிரியர் முன்னால் தமிழில் கத்திவிட்டேன். உன் கையில் பிழை இல்லை. நான் உன்னைச் சொன்னதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் நாம் வழிகளைச் சந்தேகப்பட்டோம். மாத்திரையைச் சந்தேகப்படவில்லை. பேராசிரியர் அந்தக் கம்பெனிக்கே டெலிபோன் செய்து, தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்த புது டின் ஒன்று வாங்கித் தந்தார். அளந்தேன். உன் வழி, என் வழி, இரண்டும் லேபிளில் போட்ட எண்ணையே கொடுத்தன. தூள் வெள்ளை வெளேரென்று இருந்தது சந்திரா. தேத்தண்ணி நிறம் இல்லவே இல்லை.

ஆக வழிகள் சரி. சிங்கப்பூருக்கு வந்தபின் மாத்திரைக்கு ஏதோ ஆகியிருக்கிறது. என்ன என்று பார்க்க, நான் லண்டனில் ஒரு சிங்கப்பூர் செய்தேன். வாய் அகன்ற ஜாடியின் அடியில் தண்ணீர் ஊற்றி, மேலே தட்டில் புது மாத்திரைகளை வைத்து மூடி, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மேல் தூக்கி வைத்தேன். வெக்கையும் ஈரமும். காலாங் ஆற்றோரம், துத்தநாகக் கூரைக்குக் கீழே இருக்கும் எங்கள் கிடங்கு மாதிரியே. ஒவ்வொரு வாரமும் சில மாத்திரைகளை எடுத்து அளந்தேன். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் தூள் மங்கியது, இரண்டு விடையும் லேசாக விலகின. நேற்று அளந்தேன். உன் மாத்திரை போலவே பிரிந்து நிற்கின்றன.

இப்போது புரிகிறதா? ஈரத்தில் பாஸ் உடைகிறது. உடைந்து மெட்டா அமினோஃபீனால் ஆகிறது. அதற்கும் ஒளி விழுங்கும் பழக்கம் உண்டு. என் கணக்கில் தெரியாத எண்கள் இரண்டுதான், மூன்றாவதாக ஒன்று வந்தால் அதற்கு இடமில்லை. அதனால் சமன்பாடு அதன் பங்கையும் ஐசோநயாசிட் பேரில் எழுதிவிட்டது. உன் வழியிலும் அதே ஏமாற்று, அளவுதான் வேறு. காரம் பட்டால் இதுவும் கொஞ்சம் இடம் மாறுகிறது, உன் மெஷின் அதையும் ஐசோநயாசிட் என்று எண்ணிக்கொண்டது. மருந்து வளரவில்லை. செத்த மருந்து உயிருள்ள மருந்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது.

சமன்பாடு பொய் சொல்லாது என்று எழுதினேன். சொல்லவில்லைதான், நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது. இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நானே சொல்லிவிட்டு, யார் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு வழி மட்டும் நம்மிடம் இருந்திருந்தால் இது என்றைக்கும் தெரிந்திருக்காது. இரண்டும் சண்டை போட்டதால்தான் தெரிந்தது.

நீ செய்ய வேண்டியது இதுதான். கரைசலை ஈதரோடு சேர்த்துக் குலுக்கு. உடைந்த சரக்கு ஈதருக்குள் போய்விடும். பாஸும் ஐசோநயாசிட்டும் தண்ணீரிலேயே நிற்கும். பிறகு தண்ணீரை இரண்டு வழியிலும் அள. விடைகள் ஒன்று சேர்ந்தால் முடிந்தது. ஈதரைத் தனியாக அளந்தால் குற்றவாளியும் நேரே தெரிவான்.

அந்தச் சரக்கு குமட்டும் சந்திரா. வெறும் பாஸைவிட அதிகமாகக் குமட்டும். அக்கா பொய் சொல்லவில்லை.

டின்னைத் திறந்து அட்டைப் பெட்டியில் மாற்றியதில்தான் ஈரம் புகுந்திருக்கிறது. அந்த லேபிள்களை ஒட்டியதில் என் கையும் உண்டு. வாப்பாவுக்கு இதே தபாலில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். சரக்கை மறைக்கச் சொல்லவில்லை, திருப்பி வாங்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கடைப் பெயர் கெட்டால் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று அந்தப் பேனா இரண்டு விடையையும் தனித்தனியே இழுத்துப் பிடித்ததைப் பார்த்தேனே, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதுவும் எனக்கு இதுவரை நடந்ததில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடிகிறது.

நீ எழுத வேண்டியதை எழுது. எனக்காக ஒரு வரியும் குறைக்காதே.

உன் ரஷீதா


சிங்கப்பூர்
3 மே 1961

என் ரஷீதாவுக்கு,

ஈதர் கதையை முதலில் கேள். லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஈதரோடு குலுக்கு என்று எழுதிவிட்டாய். இந்த ஊர் வெக்கையில் ஈதர் பாட்டிலைத் திறந்தால் பாதி கூரைக்குப் போய்விடுகிறது. முதல் தடவை குலுக்கியதும் மூடி பீய்ச்சிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. மறுநாள் காலையில் தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரிடம் ஐஸ்கட்டி கேட்டேன். எவ்வளவு மீன் என்றார். மீன் வேண்டாம், ஐஸ் மட்டும் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாக்கில் சுற்றி மூன்று சக்கர டிரைஷாவில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பாவாடை நனைந்திருந்தது, மீன் வாசனை வேறு. ஏழு ஆண்களும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஐஸில் வைத்துக் குலுக்கினேன். பிரித்தேன். தண்ணீர்ப் பங்கை உன் வழியில் அளந்து எண்ணை எழுதிக் கவிழ்த்து வைத்தேன். என் வழியில் அளந்து எழுதினேன். பிறகு இரண்டையும் திருப்பினேன்.

ஒன்று சேர்ந்துவிட்டன ரஷீதா. ஐசோநயாசிட், லேபிளில் போட்டபடியே. பாஸ் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குறைந்தது எங்கே போனது என்று ஈதரை அளந்தேன். நீ சொன்ன குற்றவாளி அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தான், ஒரு சுத்தமான சின்ன மலையாக. புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினேன். நடந்து போக வேண்டும் என்றே தோன்றவில்லை.

மிஸ்டர் லிம் படித்து முடித்துவிட்டு, எந்த வழியை ஆய்வகம் வைத்துக்கொள்வது என்று கேட்டார். இரண்டையும் என்றேன். ஒன்றை வைத்து அளப்போம், மற்றதை வைத்து அதைச் சந்தேகப்படுவோம், இரண்டும் விலகினால் ஈதர் எடுப்போம். அதை அப்படியே எழுது என்றார். முறையைப் பற்றிய பகுதியில் உன் பெயரும் இருக்க வேண்டும் என்றேன். அதற்கும் தலையசைத்தார். அந்தப் பகுதியை இங்கிலாந்தில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று அவரே சொன்னார்.

அக்கா விஷயம். அறிக்கையை டாக்டரிடம் நானே கொண்டுபோனேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், "உங்கள நம்பாதது என் தப்பும்மா" என்றார். திறக்காத டின்னிலிருந்து புது மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றில் நிற்கிறது. இன்னும் ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். இருமல் நிற்கவில்லை, ஆனால் நேற்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

இனி உன் வாப்பா.

அறிக்கை மேலே போவதற்கு முதல் நாள் நான் உங்கள் கடைக்குப் போவதாக இருந்தேன். அதற்கு அவசியமில்லாமல், காலையில் அவரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். கையில் உன் கடிதம். அதிகாரியைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாராம். மெஷின் அறைக்குக் கூட்டிப்போனேன். எல்லாப் படங்களையும் வரிசையாக மேசையில் பரப்பி, எது மருந்து, எது கெட்டது என்று காட்டினேன். ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ரிப்போர்ட்ல கடை பேரு வருமா பிள்ளை?"

"வரும் மாமா."

தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வரட்டும்," என்றார். "இந்த மாத்திரைய நம்பிச் சாப்ட்டவங்க இருக்காங்கள்ல."

அந்தச் சரக்கு முழுவதையும் கிளினிக்குகளிலிருந்து திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டாராம். இரண்டு கிளினிக் இனிமேல் உங்கள் கடையில் வாங்கப் போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். இதை நான் உனக்கு மறைக்கப் போவதில்லை. மற்றவர்கள் பொறுத்துப் பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். டின்னைத் திறக்காமல் அப்படியே விற்பது என்று முடிவு செய்திருக்கிறார். உன் பெரியத்தா வீட்டார் வந்து, பார்த்தாயா, மகளைப் படிக்க வைத்ததில் உன் கடைக்கே கேடு வந்தது என்றார்களாம். அவர் சொன்ன பதிலை அவர் வாயாலேயே கேள்.

"எம் மவ சொல்லலேன்னா இன்னமும் வித்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். அவ படிச்சு முடிச்சுட்டுத்தான் கப்பல் ஏறணும். நீயும் அப்படியே எழுதிரு."

எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். கிடங்கில் இதே கூரைக்குக் கீழே வேறு மருந்துகளும் இருக்கின்றன, குழந்தைகளுக்குப் போகிற மருந்துகூட இருக்கிறது, அதெல்லாம் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார். நான், அறை வாசலில் வந்து நின்ற மிஸ்டர் லிம்மைப் பார்த்தேன். அனுப்பச் சொல்லுங்கள், ஒன்றொன்றிலும் கொஞ்சம் என்றார் அவர்.

அது போன வாரம். இன்று ஆய்வகத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே ஹார்ன் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். உங்கள் கடை லாரி. ஒன்றொன்றிலும் கொஞ்சம் என்பதை உன் வாப்பா எப்படிப் புரிந்துகொண்டாரோ, பின்பக்கம் கூரைவரை பெட்டி அடுக்கியிருக்கிறது. அவரே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஏழு பேரும் படிக்கட்டில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் என் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

நான் போக வேண்டும். கல்சியம் பெட்டியா வைட்டமின் பெட்டியா, எதில் தொடங்குவது என்று உடனே எழுது. உன் பதில் வரும்வரை காத்திருக்க மாட்டேன்.

சந்திரமதி